என்ஜின் கேட்காத ரிவர்ஸ்

கோத்தகிரி எஸ்டேட் முதலாளி சிங்காரவேலுவின் காரில் ரிவர்ஸ் கியர் போட்டால் கடமுடவென்று சத்தம்தான் வரும், வண்டி நகராது. அதை எப்படியாவது விற்றுவிட நினைத்தவர், குறுகலான மலை ரோட்டில் மேட்டைப் பார்த்து நிறுத்த வைத்துவிட்டு, டிரைவர் சம்சுதீனை மிரட்டினார்: "குறை சொன்னே, வேலை போச்சு. புகழ்ந்துதான் பேசணும்!"

வாங்க வந்த பேக்கரிக்காரம்மா கிளாரா கேட்டார்: "ரிவர்ஸ் எப்படி, அண்ணே?"

சம்சுதீன் பிரேக்கை விட்டார். கார் சொகுசாகப் பின்னால் போனது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தீங்களாம்மா? எங்க முதலாளி வண்டிக்கு என்ஜின்கூடப் போட வேண்டாம்!" என்று கையிலிருந்த சாவியை ஆட்டிக் காட்டினார் சம்சுதீன்.

கிளாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ வண்டியைத் திருப்பி, இறக்கத்தைப் பாத்து நிறுத்துங்க."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது.

"நிறுத்தலாம்மா," என்றார் சம்சுதீன். "ஆனா இந்த ரோட்டுல திருப்பணும்னா ரிவர்ஸ் வேணுமே!"