துவைக்காத சட்டை

நாடகத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த பூங்கோதை, தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஓர் ஊரில் கன்னியம்மாவின் வீட்டிலேயே தங்கியிருந்தாள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமும் இருந்தது. கன்னியம்மாவின் கணவன் ஏழுமலை கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தவன். அன்று காலை அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் துவைக்காமல் வைத்திருந்தாள். அவன் வாடை அதில் மட்டும்தான் மிச்சம் என்று பூங்கோதையிடம் ஒருநாள் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சாவைப் பூங்கோதையின் ஆய்வு நெறியாளரான பேராசிரியர் அமலோற்பவம் நாடகமாக்கினார். கன்னியம்மாவே நடித்தாள். நாற்பது மேடைக்குப் பிறகு அவளுக்கு வசனம் வந்தது, கண்ணீர் வரவில்லை.

தொட்டியை மூடக் கோரிய மனு, பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு இரண்டு வருடமாக அதிகாரியின் மேசையில் கிடந்தது. பதினொரு பேர் அதே தொட்டியில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக, நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் அதிகாரி. அமலோற்பவத்தைத் துறைத் தலைவராக்கலாமா என்று பார்க்கும் குழுவும் அன்றே வந்தது.

“இன்னைக்கு அவங்க நிஜமா அழணும். ஏழுமலையோட சட்டை ஏதாவது வீட்டுல இருக்குமா?” என்று பூங்கோதையிடம் கேட்டார் பேராசிரியர்.

பூங்கோதை வீட்டுக்குப் போய்க் கன்னியம்மாவின் பெட்டியைத் திறந்தாள். மேலே துவைத்து மடித்த சட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததை எடுத்தாள்.

பிணமாகக் கிடந்த மாணவனுக்கு அதை அணிவித்தார்கள். போர்வையை விலக்கிய கன்னியம்மா வசனத்தை மறந்தாள். அவள் போட்ட ஓலத்தில் முன்வரிசை எழுந்து நின்றுவிட்டது. மறுநாளே தொட்டிக்குச் சீல் வைக்கப்பட்டது. அமலோற்பவம் துறைத் தலைவரானார். பூங்கோதைக்குப் பட்டம் கிடைத்தது.

அன்று நாடகம் முடிந்த உடனேயே கன்னியம்மா சட்டையை வாங்கி முகர்ந்திருந்தாள். முகப்பவுடரும் மாணவனின் வியர்வையும்தான் மணத்தன.

“எனக்கு வேணாம். நீயே வெச்சுக்க, கண்ணு” என்று பூங்கோதையின் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

அழுகையைப் பார்த்தால்தான் கையெழுத்து என்றிருந்த அதிகாரியா, அதை வரவழைக்கத் துணிந்த பேராசிரியரா, சட்டையைக் கொண்டுவந்த பூங்கோதையா? கன்னியம்மாவுக்குப் பெரிய கொடுமை செய்தவர் இவர்களில் யார்?

விடை: அதிகாரியின் குற்றம் பெரிது. ஆனால் அது அந்தப் பதினொரு பேருக்குச் செய்தது. பேராசிரியர் கேட்டது ஏதாவது ஒரு சட்டையை. எதை எடுத்தால் அவள் உடைவாள் என்று தெரிந்து எடுத்தவள் பூங்கோதை. அவளை நம்பித்தான் கன்னியம்மா அதைச் சொல்லியிருந்தாள். பதினொரு உயிர் பிழைத்தது உண்மை. அதைத்தான் பூங்கோதை தனக்குத்தானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.