குன்றிமணி நாட்டின் போர் விமானம்

குன்றிமணி நாடு என்று ஒரு நாடு இருந்தது. உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. படம் வரைந்தவரின் பேனா முனை அந்த நாட்டைவிடப் பெரிது. நீளம் இரண்டு மைல், அகலம் இரண்டு மைல். அரசர் மங்கலராயர் காலையில் உலாவப் போனால் கூடவே ஓர் ஆள் போவான். பேச்சு சுவாரசியத்தில் அவர் எல்லையைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

பக்கத்தில் சுண்டைக்காடு. அதுவும் அதே அளவு. இரண்டு நாட்டுக்கும் பரம்பரைப் பகை. எதற்காக என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று.

அரசருடைய மைத்துனர் ரணசிங்கம்தான் தளபதி. ஒரு நாள் அவர் இரண்டு வியாபாரிகளைச் சபைக்கு அழைத்து வந்தார். இருவரும் போர் விமானம் விற்பவர்கள். நெட்டையானவருடைய விமானத்துக்கு வல்லூறு என்று பெயர். குட்டையானவருடையது தட்டான்.

"வல்லூறு மிகவும் இலேசானது, மகாராஜா" என்றார் நெட்டை. "மொத்தமே ஆறு டன்தான்."

"ஆறு டன் இலேசா?"

"விமானத்துக்கு அது இலேசுதான்."

அரசர் பக்கத்தில் நின்ற அரண்மனை வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கொள்ளும். நீர் என்னைப் போய்க் கனம் என்கிறீர்."

"தட்டான் ஐந்தரை டன்" என்றார் குட்டை. "ஒரே விமானம், மகாராஜா. சண்டை போடும், குண்டு போடும், வேவு பார்க்கும், படம் பிடிக்கும்."

"நம் கோட்டை வாசல்காரனும் அப்படித்தான்" என்றார் அரசர். "காவல் காப்பான், முடி வெட்டுவான், கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசிப்பான். சரி, இதில் எது ஒசத்தி?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பட்டியலை விரித்தார்கள். நெட்டையின் பட்டியலில் வல்லூறு நாற்பது விஷயத்தில் ஜெயித்திருந்தது. குட்டையின் பட்டியலில் அதே நாற்பதிலும் தட்டான் ஜெயித்திருந்தது.

அரசருக்குத் தலை சுற்றியது. அமைச்சர் அம்பலவாணரைக் கூப்பிட்டார்.

"அம்பலவாணரே, நம் நாட்டைக் காக்க எந்த விமானம் சிறந்தது? வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் ஒன்றைச் சொல்லும். இரண்டும் நல்லது என்று மழுப்பக் கூடாது. இரண்டும் வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. நீர் சொன்னதும் பெரிய ஏரியை வற்றவிட்டு ஓடுபாதை போடுவோம். நாட்டில் சமதளம் அது ஒன்றுதான்."

"சொல்லாவிட்டால்?"

"தினமும் மாலையில் என் மைத்துனரோடு உட்கார்ந்து அவருடைய போர் அனுபவங்களைக் கேட்க வேண்டும்."

ரணசிங்கம் எந்தப் போரையும் பார்த்தவர் இல்லை. அதனால் அவருடைய அனுபவங்களுக்கு முடிவே கிடையாது.

அம்பலவாணருக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நாட்டின் நெல் முழுக்க அந்த ஏரித் தண்ணீரில்தான் விளைந்தது. பயிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அவருடைய சொந்த வயலும் அதே மடைக்குக் கீழேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்பலவாணர் ஒரு படி கோலமாவோடு சபைக்கு வந்தார். மண்டபத்தின் நடுவில் ஒரு சதுரம் போட்டார். காலால் எட்டு வைத்து அளந்து, நாலு எட்டு நீளம், நாலு எட்டு அகலம்.

"மைலுக்கு இரண்டு எட்டு, மகாராஜா. இதுதான் நம் நாடு. அடுத்து, தங்கள் சிம்மாசனம் இருக்கும் பக்கம் சுண்டைக்காடு."

அரசர் சட்டென்று காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

அம்பலவாணர் வியாபாரிகள் பக்கம் திரும்பினார். "உங்கள் விமானம் ஒரு முழு வட்டம் அடிக்க எவ்வளவு இடம் வேண்டும்?"

"வல்லூறுக்கு ஐந்து மைல்."

"தட்டானுக்கு நாலே மைல் போதும்" என்றார் குட்டை பெருமையாக.

"தளபதியார்தான் விமானம். கொஞ்சம் கையை விரித்துக்கொள்ளுங்கள்."

ரணசிங்கத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கையை விரித்து, வாயால் ஒரு சத்தமும் போட்டுக்கொண்டு சதுரத்துக்குள்ளிருந்து கிளம்பினார். முதலில் வல்லூறாகப் பத்து எட்டு அகலத்துக்கு வட்டம் அடித்தார். பிறகு தட்டானாக எட்டு எட்டு அகலத்துக்கு அடித்தார். இரண்டு தடவையும் சிம்மாசனத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சதுரத்துக்குள் வந்தது ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"அம்பலவாணரே, என் விமானம் எந்நேரமும் சுண்டைக்காட்டு வானத்தில் அல்லவா இருக்கிறது?" என்றார் அரசர்.

"ஆமாம், மகாராஜா. அவர்கள் நாட்டுக்கு நல்ல காவல்."

"நம் நாட்டுக்கு?"

"அதற்குத்தான் விடை கொண்டுவந்திருக்கிறேன். தட்டான்தான் சிறந்தது. அதைச் சுண்டைக்காட்டு அரசர் வாங்க வேண்டும். அவர் விமானம் திரும்புவதற்கு நம் வானத்துக்குத்தான் வந்தாக வேண்டும். வல்லூறு நம்மையும் தாண்டிப் போய்விடும். தட்டான் வட்டம் சின்னது, நம் தலைக்கு மேலேயே நிற்கும்."

"பகைவன் விமானம் ஆயிற்றே. குண்டு போட்டால்?"

அம்பலவாணர் குட்டையைப் பார்த்தார். "ஐயா, உங்கள் குண்டு விட்ட இடத்திலேயே விழுமா?"

"அதெல்லாம் பழைய குண்டு" என்றார் குட்டை. "எங்களுடையது எட்டு மைல் தள்ளிப் போய்த்தான் விழும்."

"கேட்டீர்களா, மகாராஜா? நம் தலையில் போட வேண்டுமானால் அவர் எட்டு மைலுக்கு அப்பால் வேறு யாருடைய வானத்திலோ நின்று போட வேண்டும். அவர்கள் சும்மா விடுவார்களா? தாங்கள் ஒன்றைத்தான் சொல்லச் சொன்னீர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டேன். யார் வாங்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை."

அரசர் சிரித்தார். தூக்கி வைத்த காலைக் கீழே விடவும் மறந்து சிரித்தார். இரண்டு வியாபாரிகளும் பட்டியல்களைச் சுருட்டிக்கொண்டு சுண்டைக்காட்டுப் பக்கம் ஓடினார்கள்.

"என்ன பரிசு வேண்டும், கேளும்."

"இன்றைக்கே ஏரி மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள், மகாராஜா. பயிரெல்லாம் காய்கிறது."

"திறக்கட்டும்" என்றார் அரசர்.

மடைக்காரனுக்கு ஆள் போயிற்று. சபை எழுந்திருக்கும் நேரம். அப்போது சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது. ரணசிங்கத்தை யாரும் நிற்கச் சொல்லவில்லை. விரித்த கையோடு அவர் இன்னும் வட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் இறங்கலாமா?"

அரசர் அம்பலவாணரைப் பார்த்தார். அம்பலவாணர் சதுரத்தைப் பார்த்தார்.

"எங்கே இறங்குவீர்கள், தளபதியாரே?" என்றார். "ஏரியில் தண்ணீர் இருக்கிறதே."