வாய் திறக்காமல் வென்ற வழக்கு

தும்பைநகர் மன்னர் வாகைமாறன் ஆசை ஆசையாய் ஒரு சட்டக் கலாசாலை கட்டினார். பளிங்குத் தரை, தேக்கு மேசை, தலைப்பாகை கட்டிய ஆசிரியர்கள் எல்லாம் தயார். மாணவர்தான் ஒருவரும் இல்லை. வகுப்பறையில் புறாக்கள் குடும்பம் நடத்தின.

காரணம், பொருளாளர் முடியப்பர். பெயருக்கேற்ற மனிதர். எதைக் கேட்டாலும் "முடியாது" என்பார். கலாசாலைக்குக் கட்டணம் நூறு பொன் என்று வைத்தவர் அவரே. ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று மன்னர் சொன்னதும் ஒரு நிபந்தனை போட்டார்: "அரசவையில் ஒரு வழக்கிலாவது வென்றவருக்கே உதவித்தொகை."

அந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் முறையிடலாம். ஆனால் சட்டம் படித்தவர்தான் சபையில் வாதாடலாம். படிக்க வேண்டுமென்றால் வெல்ல வேண்டும். வெல்ல வேண்டுமென்றால் படித்திருக்க வேண்டும்!

ஒருநாள் நீலாயி என்ற பெண் அரண்மனைக்கு வந்தாள். "எங்கள் ஊர்க் குளத்தைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள், மன்னா. எங்களுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை. நான் சட்டம் படிக்கணும்."

"வழக்கில் வென்றிருக்கிறாயா?" என்றார் முடியப்பர்.

"இல்லைங்க."

"அப்போ முடியாது! மன்னா, யாரும் வராத அந்தக் கட்டடத்தை யானைக் கொட்டிலாக்கிவிடலாம்."

மன்னருக்கு முகம் வாடிப்போனது. அவையின் குறும்புக்காரர் கொன்றையனைப் பார்த்தார். "கொன்றையா, சட்டத்தை மீறாமல் இந்தப் பெண்ணைக் கலாசாலையில் சேர்க்க முடியுமா? நாளைக்குள் வழி சொல். இல்லையென்றால் யானைகளைக் குளிப்பாட்டும் வேலை உனக்குத்தான்."

கொன்றையன் நீலாயியைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் சபை கூடியது. நீலாயி முன்னால் வந்து, "பொருளாளர் எனக்கு உதவித்தொகை தர மறுக்கிறார். இதுவே என் முறையீடு" என்றாள். அவ்வளவுதான். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"முடியப்பரே, உங்களுக்காகப் பேச வழக்கறிஞர் வைத்துக்கொள்கிறீர்களா?" என்று மன்னர் கேட்டார்.

"அவர்களுக்குக் கூலி யார் கொடுப்பது? வீண் செலவு! நானே பேசுகிறேன்" என்று முடியப்பர் துள்ளி எழுந்தார்.

பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். கையை ஆட்டினார். மேசையைத் தட்டினார். "ஏழைகள் படித்தால் கேள்வி கேட்பார்கள்! கேள்வி கேட்டால் பதில் சொல்லணும்! பதில் சொன்னால் தொண்டை வறளும்!" என்று முழங்கினார். நீலாயி வாயைத் திறக்கவே இல்லை. முடியப்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்தார்.

கொன்றையன் கைதட்டினார். "அபாரம் ஐயா! என்ன வாதம்! சட்டம் எங்கே படித்தீர்கள்?"

"சட்டமா? நான் கணக்குப் படித்தவன்."

"அடடா! படிக்காதவர் சபையில் வாதாடலாமா?"

முடியப்பரின் புன்னகை அப்படியே உறைந்தது.

"மன்னா, இவர் பேசியது எதுவும் செல்லாது. நீலாயி முறையிட்டாள், வாதாடவில்லை. அவள் முறையீட்டுக்கு இப்போது மறுப்பே இல்லை. மறுப்பில்லாத வழக்கில் வெற்றி யாருக்கு?"

"நீலாயிக்கு!" என்று மன்னர் சிம்மாசனத்திலிருந்து குதித்தே விட்டார். "வழக்கில் வென்றாள். உதவித்தொகை அவளுக்கே. அந்த நிபந்தனையும் இன்றோடு ஒழிந்தது!"

சபை ஆரவாரித்தது. நீலாயி கொன்றையனைக் கும்பிட்டாள். மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பிறகு முடியப்பர் பக்கம் திரும்பினார்.

"படிக்காமல் வாதாடியது குற்றம். அதற்குத் தண்டனை, நீங்களும் அதே கலாசாலையில் சேர்ந்து படிக்க வேண்டும். கட்டணம் உங்கள் சொந்தப் பணத்தில்!"

முடியப்பருக்குத் தலை சுற்றியது. "நூறு பொன்னா! இது அநியாயம், மன்னா! ஒரு மனிதனால் எப்படி முடியும்? எனக்கு... எனக்கு ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது.

நீலாயி பணிவாகச் சொன்னாள்: "முறையிடுங்கள், ஐயா. படித்து முடித்ததும் உங்களுக்காக நானே வாதாடுகிறேன். கூலி வேண்டாம்."