நூறு கை பட்ட வண்டி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

அம்பாசமுத்திரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் ஜெபராணி. கற்றுக்கொள்ள வந்தவர் பேச்சிமுத்து. முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதி வண்டியிலேயே போனது. ஸ்டியரிங்கை மட்டும் தொட்டதில்லை.

முதல் நாள், வண்டியைக் கிளப்புவதற்கு முன் "ரைட்!" என்று சத்தமாகக் குரல் கொடுத்தார்.

"யாருக்கு அண்ணாச்சி ரைட் கொடுக்கீங்க? டிரைவரே நீங்கதான்."

"பழக்கம் டீச்சர்."

சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தார் ஜெபராணி. சீடர் சிரிக்கவில்லை. அவருக்கு அவசரம் இருந்தது.

பேச்சிமுத்துவின் மனைவி இசக்கியம்மாளுக்கு வயிற்றில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் இரண்டு மாதம் என்றார் டாக்டர். ஏற்றினால் ஆறு மாதம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, பேச்சிமுத்துவும் கேட்கவில்லை.

முதல் தடவை ஒரு டாக்சி பிடித்துப் போனார்கள். திரும்பும் வழியில் இசக்கியம்மாள் பின் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டார். டிரைவர் ஏசவில்லை. சேரன்மகாதேவியில் நிறுத்தி, தண்ணீர் பிடித்து வந்து கழுவினார். அடுத்த தடவையும் அவர்தான் வந்தார். இசக்கியம்மாள் ஏறுவதற்கு முன் சீட்டில் ஓர் உரச்சாக்கை விரித்தார். இசக்கியம்மாள் அதன் மேல் உட்கார்ந்து போனார், வந்தார். வீட்டில் செருப்பைக் கழற்றும்போது, "இனிமே நான் வரல" என்றார்.

"அந்த டிரைவரை மாத்திருவோம்."

"அவர் என்ன செய்வாரு? அவரு பொழப்பு. நான் வரல."

அதன் பிறகுதான் பேச்சிமுத்து கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்தது. இசக்கியம்மாள் வர மறுத்ததில் நாள் தள்ளிப்போன மூன்றாவது ஊசி வெள்ளிக்கிழமை. இன்று புதன். வண்டி இன்னும் வாங்கியபாடில்லை.

மூன்று வண்டிகளைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். ஒன்றில் கதவு லேசாக ஒடுங்கியிருந்தது. ஒன்று நான்கு பேர் கைமாறியது. ஒன்று கிளப்பும்போது புகைந்தது. நான்காவதாக ஒரு டாக்டரின் வண்டி அமைந்தது. பால் நிறத்தில் சீட்டு. கையால் தொடவே கூசும் சுத்தம். அதன் படத்தைக் கைபேசியில் மனைவிக்குக் காட்டினார்.

"அழகா இருக்கு. எனக்கு வேண்டாம்" என்றார் இசக்கியம்மாள்.

நிறம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் குருவிடம் வந்தார்.

"டீச்சர், வாடகைக்கு விட்ட காரை வாங்கலாமா?"

"எந்த வண்டி?"

"புரோக்கர் கொம்பையாகிட்ட ஒண்ணு நிக்கி. டிரைவர் இல்லாம, ஆளுக பணத்தைக் கட்டிட்டு அவங்களே ஓட்டிட்டுப் போவாங்கல்லா, அந்த மாதிரி கம்பெனில ஓடுன வண்டி. விலை குறைச்சல்தான். மச்சினன் அது பக்கத்துலயே போகாதீங்கன்னுட்டான். வாடகை வண்டியப் பள்ளத்துல இறக்கும்போது எவனுக்கும் மனசு பதறாதாம். கூட வேலை பாத்த ஒருத்தரு, கம்பெனி வண்டி, சர்வீஸ் தவறியிருக்காது, தாராளமா எடுங்கங்காரு."

"உங்களுக்கு வண்டி எப்படி இருக்கணும்?"

"பத்து வருஷம் ஓடணும்."

"பத்தா?"

பத்து வருஷம் என்று சொல்லும்போதெல்லாம் பேச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க, போய்ப் பாப்போம்" என்று செருப்பை மாட்டினார் ஜெபராணி.

கொம்பையா வண்டியைத் துடைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார். உள்ளே பன்னீர் வாசனை அடித்தது.

"ஒரே கையில இருந்த வண்டின்னு பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. இது நூறு கை பட்ட வண்டி. ஆனா நூறு பேருல ஒருத்தனும் இதைக் குறை சொல்லல."

"அடுத்த நாளே விட்டுட்டுப் போறவன் என்னத்தவே குறை சொல்லப் போறான்?" என்றார் ஜெபராணி.

"டீச்சர் வந்தாலே எனக்கு வியாபாரம் படுத்துரும்."

ஜெபராணி எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து முகர்ந்தார். டார்ச் அடித்துக்கொண்டு தரையில் படுத்து அடியைப் பார்த்தார். டிரைவர் சீட்டை முன்னும் பின்னும் இழுத்தார். தினம் ஓர் ஆள் ஏறி, தன் காலுக்குத் தக்கபடி இழுத்து இழுத்து, சீட்டு நகரும் கம்பி தளர்ந்து ஆடியது.

பேச்சிமுத்து பின்கதவைத் திறந்தார். சீட்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறை. எத்தனை தடவை கழுவியும் போகாத கறை. குனிந்தார். பன்னீருக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. முப்பது வருடம் பேருந்தில் இருந்த மூக்கு. அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது.

கதவைச் சாத்தினார். "வேண்டாம் டீச்சர், போவோம்."

"ஒரு ரவுண்டு ஓட்டுங்க."

"வேண்டாம்ங்கேன்."

"நான் இன்னும் பாத்து முடிக்கல. ஏறுங்க."

குரு சொன்னால் சீடர் ஏறத்தான் வேண்டும். ஏறினார். ஜெபராணி பக்கத்தில் உட்கார்ந்து, இடது, நேரே, வலது என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். நாலாவது திருப்பத்தில் பேச்சிமுத்து பிரேக்கை மிதித்தார்.

"இது எங்க தெருல்லா?"

"ஆமா. பாக்க வேண்டிய ஆள் இங்கதான இருக்காங்க."

இசக்கியம்மாள் வாசலுக்கு வந்தார். தலையில் முடி இல்லாததால் துண்டு சுற்றியிருந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வண்டியை முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

ஜெபராணி பின்கதவைத் திறந்தார். "அக்கா, கொஞ்சம் உக்காந்து பாருங்க."

இசக்கியம்மாள் மெதுவாக வந்து குனிந்தார். கறையைப் பார்த்தார்.

"இது என்னது?"

பேச்சிமுத்து முந்திக்கொண்டார். "இதை எடுக்கல இசக்கி. சும்மா ஓட்டிப் பாக்க வந்தோம். அந்த டாக்டர் வண்டி இன்னும் விக்கல. நாளைக்கே போயி..."

"உங்ககிட்ட கேக்கல."

"யாரோ வாந்தி எடுத்திருக்காங்க அக்கா" என்றார் ஜெபராணி. "வாடகைக்கு ஓடுன வண்டி. குற்றாலம், கொடைக்கானல்னு ஆள் மாத்தி ஆள் கொண்டு போயிருப்பாங்க."

"வண்டிக்காரர் ஏசலியா?"

"வண்டிக்காரர் கூட வர மாட்டாரு. சாவியக் கொடுத்துட்டு அவரு ஆபீஸ்லயே இருந்துக்கிடுவாரு."

"அப்போ யாரும் பாக்கல."

"அவங்க வீட்டு ஆளுகதான் பாத்திருப்பாங்க."

இசக்கியம்மாள் கணவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஜெபராணியிடம் சொன்னார்:

"எங்க வீட்டு ஆளப் பத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சர். முப்பது வருஷம் டூட்டி முடிஞ்சு வந்து இவங்க பேசுனதக் கேட்டிருக்கேன். 'இன்னைக்கும் ஒருத்தி பஸ்ஸ நாசம் பண்ணிட்டா'ம்பாங்க. அன்னைக்கு அவங்களுக்குச் சோறு இறங்காது. நான் தட்ட மூடி வச்சிருவேன். இப்ப என்னடான்னா பால் மாதிரி சீட்டு போட்ட வண்டியக் காட்டி, நல்லா இருக்கான்னு கேக்காங்க. அதுல நான் எப்படி ஏறுவேன்?"

பாபநாசம் வண்டியில் ஒரு கர்ப்பிணியைப் பாதி வழியில் இறக்கிவிட்டது பேச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. அதையும் அன்று ராத்திரி வீட்டில் சொல்லியிருந்தார். பெருமையாகத்தான் சொல்லியிருந்தார்.

இசக்கியம்மாள் வண்டிக்குள் ஏறினார். ஒதுங்கி உட்காரவில்லை, கறையின் மேலேயே உட்கார்ந்தார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டார். கதவில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குக் கிளம்பணும்?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"ஆறு மணிக்கு."

"மெதுவா ஓட்டணும்."

"மெதுவாத்தான் ஓட்டத் தெரியும்."

"ஒரு சொம்பு தண்ணி கொண்டு வாங்க. இதுலயே கொஞ்ச நேரம் இருக்கேன்."

தண்ணீரைக் கொடுத்துவிட்டு, பேச்சிமுத்து ஜெபராணியைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அவ சரின்னுட்டா. ஆனா வண்டி எப்படி டீச்சர்? உள்ளதச் சொல்லுங்க."

"உள்ளதச் சொன்னா, சுமாரான வண்டி. முன்பக்கம் வலது டயர் தேஞ்சிருக்கு. அடியில ஒரு இடத்துல கல்லுல இடிச்சு நெளிஞ்சிருக்கு. ஆயில் நேரத்துக்கு மாத்தியிருக்காங்க, அதனால எஞ்சின் பரவாயில்ல. ஏசி ஓடுது. கிளட்ச்தான் போற நிலைமையில இருக்கு. அத்தனை பேரு மிதிச்சா என்ன செய்யும்?"

"அப்போ பத்து வருஷம் ஓடாது."

"ஓடாது அண்ணாச்சி."

"கிளட்ச் எவ்வளவு நாள் தாங்கும்?"

"ஒரு எட்டு மாசம்."

பேச்சிமுத்து திரும்பி வண்டியைப் பார்த்தார். பின்கண்ணாடிக்குள் தலையில் சுற்றிய துண்டு மட்டும் தெரிந்தது.

"எட்டு மாசத்துல செலவு வைக்கிற வண்டிய வாங்குனா ஏமாந்த மாதிரி ஆகாதா டீச்சர்?"

ஜெபராணி டார்ச்சைத் துடைத்துப் பைக்குள் போட்டார். பையைத் தோளில் மாட்டினார்.

"கிளட்ச் போன அன்னைக்கு அக்காவையும் கூட்டிக்கிட்டு என்கிட்ட வாங்க அண்ணாச்சி. மாத்துற செலவு என்னோடது."