சாம்பல் மேட்டுப் பெருச்சாளி

காட்டோரத்தில் ஒரு தொழிற்சாலை வந்தது. அது ஒரு பக்கம் சாம்பலைக் கொட்டியது, மறுபக்கம் சுண்ணாம்புக் கழிவைக் கொட்டியது. காற்றடித்தால் மிருகங்களால் கண்ணைத் திறக்க முடியாது. எல்லோரும் திட்டிக்கொண்டே அங்கேயே குடியிருந்தார்கள். வேறு போக்கிடம் ஏது?

செண்பகவல்லி என்ற பெருச்சாளியின் வளை அந்த மேட்டடியில் இருந்தது. போன ஐப்பசி மழையில் வளை இடிந்து, அவளுடைய மூன்று குட்டிகளும் மண்ணுக்குள் போய்விட்டன. பாவம், பெற்ற வயிறு. இப்போது மறுபடியும் நாலு குட்டிகள். மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

ஒருநாள் வாய்க்கால் ஓரம் தோண்டும்போது அவள் பல் உடைந்தது. அங்கே சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து, ஈரத்திலேயே கிடந்து, கல்லாக இறுகியிருந்தன. பல் போன வலியோடு அதைச் சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்தாள்.

மறுநாளே இரண்டையும் பிசைந்து கட்டிகளாகப் பிடித்தாள். நிழலில் அடுக்கி, வாலை நனைத்து நனைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

பக்கத்து வளை முள்ளம்பன்றி சடையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் மதினி, செங்கல்லை யாராவது குளிப்பாட்டுவாங்களா?"

"இது களிமண் இல்லை கொழுந்தனாரே. ஈரத்தில்தான் இறுகும். இருபத்தொரு நாள் ஆகும்."

"அதுவரை உட்கார்ந்திருக்க எனக்கு வேறு வேலை இல்லையா? எங்க வம்சமே மண்ணை வெயிலில்தான் காயவைக்கும்."

அவனும் சாம்பலையும் சுண்ணாம்பையும் பிசைந்தான், வெயிலில் பரப்பினான். மூன்றே நாளில் சுவர் எழுப்பிவிட்டு ஊரைக் கூட்டிக் காட்டினான். செண்பகவல்லி இன்னும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு நாள் நிறைந்த பிறகே அந்தக் கட்டிகளால் வளைக்குச் சுவர் எழுப்பினாள்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழையிலேயே சடையனின் சுவர் கூழாகக் கரைந்தது. தன் இரண்டு குட்டிகளையும் வாயில் கவ்விக்கொண்டு செண்பகவல்லியின் வாசலுக்கு ஓடினான். அவள் சுவர் அப்படியே நின்றது. உள்ளே நாலு குட்டிகளும் தூங்கின.

"மதினி, கொஞ்சம் இடம் கொடுங்க."

அவளுக்குப் போன வருஷக் குட்டிகளின் ஞாபகம் வந்தது.

"குட்டிகளைக் கொடுங்க, அதுகளுக்கு இன்னும் முள் முற்றவில்லை. நீங்க வெளியிலேயே நில்லுங்க. உங்க முள் என் பிள்ளைகளைக் குத்தும்."

ஐந்து நாள் விடாத மழை. ஐந்து நாளும் சடையன் வெளியில் நின்றான். ஆறாம் நாள் அவன் குட்டிகள் நனையாத உடம்போடு வெளியே வந்தன. சேறு அப்பி நின்ற அப்பனை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை.

பொறுத்தவருக்குக் கழிவும் கல்லாகும். பதறியவருக்குக் கல்லும் கழிவாகும்.