பல்லியார் வால் துண்டான கதை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரை மருதமரத்தடியில் தச்சுவேலை பார்த்தவர் பல்லியார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். அணில் ஒரு சக்கரத்துக்குள் ஓடும். அது ஓட ஓட, பல்லியாரின் வட்ட ரம்பம் சுற்றும். ரம்பத்தை எந்தப் பக்கமும் சாய்த்து வைத்து அறுக்கலாம்.

"நான் நின்னாலும் ரம்பம் உடனே நிக்காதுண்ணே. ஓயுற வரைக்கும் கிட்ட போகாதீங்க," என்று அணில் தினமும் சொல்லும். பல்லியாரும் தினமும் தலையாட்டுவார்.

ஒருநாள் காலையில் மைனா அழாத குறையாக வந்தது. அந்த மரத்துப் பொந்தில்தான் அது முட்டையிட்டிருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு சாரைப்பாம்பு மரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறதாம். பொந்துக்கு இன்றே நிலையும் கதவும் வேண்டும் என்றது.

பல்லியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரம்பத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாலு சட்டங்களையும் மளமளவென்று அறுத்துத் தள்ளினார். சேர்த்துப் பார்த்தால் மூலையே கூடவில்லை. சட்டத்தின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துச் சாய வேண்டும். இவரோ எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்திருந்தார்.

மைனா இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தது. "ஆசாரியாரே, இது வழியா நானே நுழைஞ்சிருவேன் போலிருக்கே."

பல்லியாருக்கு வெட்கமாகிவிட்டது. இந்தத் தடவை முதலில் கழிவுத் துண்டுகளை அறுத்துச் சேர்த்துப் பார்த்தார். நடுவில் ஒரு மயிர்கூட நுழையாது என்று தெரிந்த பிறகுதான் நல்ல மரத்தில் கைவைத்தார். சட்டத்தை முட்டுப்பலகையோடு அழுத்திப் பிடித்து ஒரு முனையை அறுத்தார். ரம்பத்தை மறுபக்கம் சாய்த்து அடுத்த முனையை அறுத்தார். மூன்று சட்டங்கள் பொந்தில் கச்சிதமாக உட்கார்ந்தன, கதவும் செய்து தயாராக இருந்தது.

கடைசிச் சட்டத்தை அறுத்து முடிக்கவும், சாரை மரத்தில் ஏறத் தொடங்கவும் சரியாக இருந்தது. அணில் நின்றுவிட்டது, ரம்பம் நிற்கவில்லை. சட்டத்தை உருவ முடியாமல் ரம்பத்தை ஒட்டி ஒரு மரச்சில்லு குறுக்கே கிடந்தது. அதை வாலால் தட்டிவிட்டார்.

வால் துண்டாகிக் கீழே விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்கவில்லை. துள்ளியது, நெளிந்தது, புரண்டது. பாதி மரம் ஏறியிருந்த சாரை திரும்பிப் பார்த்தது. பசித்த வயிறு எதைக் கண்டது? சரசரவென்று இறங்கி அதைக் கவ்வியது. அது வாலோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள், பல்லியார் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு மேலே ஓடிச் சட்டத்தைப் பொருத்திக் கதவையும் மாட்டிவிட்டார். திரும்பி வந்த சாரை கதவை முட்டிப் பார்த்தது. நாக்கை நீட்டக்கூட இடுக்கு இல்லை.

மைனா உள்ளிருந்து நன்றி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. அணில் ஓவென்று அழுதது.

பல்லியார் மொட்டையாகிப்போன பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இப்பவாவது ரம்பம் நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சுண்ணே."

நாள் போகப் போக வால் மறுபடி முளைத்தது. முட்டைகள் குஞ்சாகிப் பறந்தும் போயின. ஆத்திரம் தீராத சாரை ஒருநாள் பல்லியாரையே துரத்திப் பிடித்தபோது, அவர் துளியும் யோசிக்காமல் வாலைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். அன்று முதல்தான், பல்லியைப் பிடித்தவருக்கு வால் மட்டும் மிச்சமாகத் துடிக்கிறது. பல்லி முழு உயிரோடு சுவரேறிப் போய்விடுகிறது.