பல்லக்கில் ஏறிய பாடம்

முன்னொரு காலத்தில் ஓரிடத்தில் உட்காரவே தெரியாத ராஜா ஒருவர் இருந்தார். சிம்மாசனத்தில் அமர்ந்த மாத்திரத்தில் எழுந்து உலாத்தத் தொடங்குவார். மந்திரிகள் மனுக்களோடு பின்னால் ஓடுவார்கள். பாவம், அந்த அரண்மனையில் ஒருவருக்கும் தொந்தியே கிடையாது!

ஒருநாள், மறுநாள் காலை வெள்ளைக்காரத் துரை ஒருவர் சபைக்கு வருவதாகச் செய்தி வந்தது. ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மொழிபெயர்க்கும் துபாஷி ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் என்ன செய்வது? துரையின் பேச்சு நமக்கே புரிய வேண்டும்!"

அமைச்சர் அகோரமூர்த்திக்கு அரண்மனை விகடகவி தாண்டவன் மேல் வெகுநாள் எரிச்சல். "பிரபு, தாண்டவன் வெள்ளைக்காரப் பாதிரியார் வீடே கதியென்று கிடக்கிறான். இன்றைக்குள் தங்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கட்டும். இல்லையேல் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்! நாளை துரை சொல்லும் புதுச்சொல் ஒன்றுக்கு நாமே பொருள் சொல்ல வேண்டும்" என்றார் ராஜா, நடந்துகொண்டே.

தாண்டவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவான்? இங்கிலீஷில் ஏராளமான சொற்கள் லத்தீன் வேரில் முளைத்தவை என்றும், வேருக்கு முன்னால் சின்னத் துண்டுகளை ஒட்டினால் புதுப்புதுச் சொற்கள் கிடைக்கும் என்றும் பாதிரியார் சொல்லியிருந்தார். ஆனால் இந்த ராஜா உட்கார்ந்தால்தானே சொல்லிக் கொடுக்க முடியும்?

அவன் பல்லக்கை வரவழைத்தான். "ஏறுங்கள், மகாராஜா. 'போர்ட்' என்றால் சுமப்பது. இதுதான் வேர்."

பல்லக்கு அரண்மனை வாசலுக்குள் நுழைந்தது. "'இம்' என்றால் உள்ளே. இது இம்போர்ட்!" திரும்பி வெளியே வந்தது. "'எக்ஸ்' என்றால் வெளியே. எக்ஸ்போர்ட்!" ஆற்றைக் கடந்தது. "'டிரான்ஸ்' என்றால் அக்கரைக்கு. டிரான்ஸ்போர்ட்!"

ராஜா குழந்தைபோலக் கைதட்டினார். அக்கரைச் சேற்றில் பல்லக்குத் தூக்கும் போகி ஒருவன் வழுக்கி விழுந்தான். வேடிக்கை பார்க்கக் கூடவே வந்த அமைச்சர், வேறு வழியின்றிப் பல்லக்குக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.

"'சப்' என்றால் கீழே. அமைச்சர் செய்வது சப்போர்ட், பிரபு!"

அரண்மனை திரும்பும்வரை அமைச்சருக்கு அதே வேலை. அவர் முனகிக்கொண்டே வந்ததில், "'டி' என்றால் அப்பால், 'ரீ' என்றால் திரும்ப" என்று தாண்டவன் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் துரை வந்தார். 'போர்ட்' வேரில் ராஜாவுக்குச் சொல்லித் தராத சொல் ஒன்று வேண்டும் என்று அமைச்சர் துபாஷி மூலம் கேட்டார். துரை யோசித்து, "டிப்போர்ட்" என்றார்.

ராஜா இப்படியும் அப்படியும் நடந்தார். சட்டென்று ராஜா நின்று, துபாஷியின் காதில் ஏதோ சொன்னார். துபாஷி அதைத் துரையிடம் சொன்னதும், துரை தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

"பாடத்துக்கு ஏற்பாடு செய்த அமைச்சரை நாம் மறக்கலாகாது" என்றார் ராஜா. "அகோரமூர்த்தி, உம்மை டிப்போர்ட் செய்கிறோம்!"

அமைச்சர் பூரித்துப்போய்க் கைகூப்பினார். "பிரபு, என் மைத்துனருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்க வேண்டும்!"

பல்லக்கு வந்தது. அமைச்சர் பெருமையோடு ஏறிக்கொண்டார். போகிகள் அவரை நாட்டின் எல்லையை நோக்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"மகாராஜா, அவரைத் தயவுசெய்து இம்போர்ட் செய்துவிடுங்கள்" என்று கெஞ்சினான் தாண்டவன். "சேற்றில் தங்களைச் சப்போர்ட் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?"

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். சிரித்து முடித்துத் தாண்டவனுக்குப் பொற்காப்பு அணிவித்து, அமைச்சரைத் திருப்பி அழைத்துவர ஆள் அனுப்பிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மந்திரிகள் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.